அறுபத்தோராம் கட்டம்

2 ஒக்டோபர் 2023, திங்கள்
காலை 134/82. மாலை 136/84.

பிரஷரை இரண்டு வேளையும் எழுதி வைக்கச் சொல்லி டொக்டர் உத்தரவு. இரண்டு எண்களுக்கு ஒரு முழுப் பக்கம் எதற்கு? வீணாகப் போகிறதே என்று மிச்சத்தையும் எழுதுகிறேன். வேறொன்றும் இல்லை.

இன்று பேராசிரியர் வெண்ட்லாண்ட் வீட்டில் பிழைப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினோம். முப்பத்தேழு வருடங்களாக நான் அவருடைய உதவியாளர். அதாவது அவர் ராய்டிங்கரைப் பதிப்பிக்கிறார், நான் அவரைச் சமாளிக்கிறேன். ராய்டிங்கர் இருநூறு வருடங்களுக்கு முன் இறந்துபோன இசையமைப்பாளர். அவர் எழுதியவற்றைக் கிழிந்த தாள்களிலும் யாரோ பார்த்து எழுதிய பிரதிகளிலும் தேடிப் பிடித்து, சுரம் சுரமாக ஒப்பிட்டு, இதுதான் அந்த மனிதர் எழுதியது என்று அச்சில் கொண்டுவருவதே பேராசிரியரின் வாழ்நாள் வேலை. ஐம்பத்தொரு வருடங்களில் இருபத்துமூன்று தொகுதிகள்.

இருபத்துநாலாவதுதான் கடைசி. அதில் இசையே கிடையாது. முந்திய தொகுதிகளில் நாங்கள் விட்ட பிழைகள் மட்டும். எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், எந்தக் கட்டம், அச்சில் என்ன, சரி என்ன, பிழை யாருடையது. கட்டம் என்பது இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு சிறு துண்டு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள். நவம்பர் முப்பதுக்குள் பதிப்பகத்துக்குப் போக வேண்டும்.

அவருக்கு எண்பத்தாறு வயது. பார்வை போய்விட்டது. இருதயமும் களைத்துவிட்டது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் தாங்கினால் பெரிய காரியம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். பட்டியல் முழுவதையும் நான் உரக்க வாசிக்க வேண்டுமாம், ஒவ்வொன்றுக்கும் அவர் "சரி" சொல்ல வேண்டுமாம், அதன் பிறகு செத்தாலும் பரவாயில்லையாம். முதலில் சூப்பைக் குடியுங்கள், சாவதைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

4 ஒக்டோபர், புதன்
135/84. மாலை மறந்துவிட்டேன்.

இருபத்தொரு பிழைகள் முடிந்தன.

ஒருவர் வாசிக்க, எதிரே இருப்பவர் பார்ப்பது, இதுதான் எங்கள் முறை. கையெழுத்துப் பிரதியிலிருந்து அவர் ஒவ்வொரு சுரத்தையும் புள்ளியையும் வளைகோட்டையும் வாயால் சொல்வார். நான் அச்சுத்தாளில் விரல் வைத்துக்கொண்டு போவேன். ஒரு ஆள் தனியே பார்த்த அச்சுத்தாள் பார்க்காத அச்சுத்தாளுக்குச் சமம் என்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ஜேர்மனிக்கு அகதியாக வந்து இந்தக் கோட்டிங்கன் நகரத்தில் அவருக்குத் தட்டெழுதத்தான் போனேன். யாழ்ப்பாணத்தில் கொன்வென்ட் பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பித்தவள் என்று எவருக்கும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த தாளில் ஒரு புள்ளி குறைகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் அவருக்கு எதிரே ஒரு கதிரை போட்டிருந்தது. இன்றைக்கும் அதே கதிரைதான். குஷனை மட்டும் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன், என்னுடைய செலவில்.

இத்தனை வருடமும் என்னைத் "திருமதி நித்தியானந்தன்" என்றுதான் கூப்பிடுகிறார். என் கணவரின் பெயர் அவர் வாயில் படும் பாடு சொல்லி முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று நானும் கேட்டதில்லை, அவரும் கூப்பிட்டதில்லை.

6 ஒக்டோபர், வெள்ளி
காலை 133/82. மாலை 158/94.

அவருடைய தபால்களை நான்தான் உடைத்து வாசித்துக் காட்டுவது. மின்சாரக் கம்பனி, மருந்துக்கடை விளம்பரம். செக் நாட்டின் ப்ர்னோ நகரத்திலிருந்து ஒரு கடிதம், முக்கியமில்லை.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். மூன்று இயூரோவாம், உள்ளே எல்லாம் விதை.

9 ஒக்டோபர், திங்கள்
151/92.

மருந்து மாற்றியதால்தான் ஏறியிருக்க வேண்டும்.

இரண்டாம் தொகுதி முடிந்தது. ஒரு இடத்தில் சண்டை. "அச்சகத்தின் பிழை" என்று பட்டியலில் இருந்ததை "பதிப்பாசிரியரின் பிழை" என்று மாற்றச் சொன்னார். ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு புள்ளி, யார் விட்டால் என்ன என்றேன். கோபம் வந்துவிட்டது. "வாசிக்கிறவனுக்கு யாருடைய கை என்று தெரிய வேண்டும். அது மட்டும்தான் நம்முடைய தொழில்" என்றார். அதற்குப் பிறகு மூச்சு வாங்கியது. ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அவர் சொல்வது சரிதான். பழைய தாளில் ஒரு சுரம் பிழை போலத் தெரிந்தால் திருத்தலாம். ஆனால் திருத்தியதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இது அவர் எழுதியது, இது நாங்கள் சேர்த்தது. குறி இல்லாமல் திருத்துவது எங்கள் தொழிலில் களவு. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காரணம் எழுதக்கூடாது என்பதும் அவருடைய சட்டம். பட்டியலில் பிழை இருக்கும், ஆளின் பெயர் இருக்கும், ஏன் என்பது இருக்காது.

13 ஒக்டோபர், வெள்ளி
149/90.

ஒன்றுமில்லை. மழை.

18 ஒக்டோபர், புதன்
154/92.

என் கணவர் நித்தி என் கைப்பையில் பேருந்து அட்டையைத் தேடியிருக்கிறார். ப்ர்னோக் கடிதம் அவர் கையில் வந்துவிட்டது. தபால் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த மனிதருக்குப் பிறர் கடிதத்தை வாசிக்கக் கூடாது என்று தெரியாதா? வாசிக்கவில்லையாம், உறையை மட்டும்தான் பார்த்தாராம். "இஞ்சாரும், இது புரொபெசருக்கு வந்த கடிதமெல்லோ. உம்மட பையில ஏன் கிடக்கு?" என்று கேட்டார். புதன்கிழமை கொடுக்க வைத்திருக்கிறேன் என்றேன். இன்றைக்குத்தான் புதன்கிழமை என்றார்.

புளிக்குழம்பில் உப்புக் கூடிவிட்டது. தண்ணீரை ஊற்றிக் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

23 ஒக்டோபர், திங்கள்
156/95.

சரி. எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

கடிதத்தை எழுதியவள் ஒரு வயோலாக்காரி, வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம் வாசிப்பவள். ப்ர்னோவில் ஒரு பழைய வீட்டை விற்றபோது ராய்டிங்கர் தன் கையாலேயே எழுதிய தாள்கள் கிடைத்திருக்கின்றன. நால்வர் வாசிக்கும் ஒரு மெதுவான பகுதி அது, எங்கள் ஒன்பதாம் தொகுதியில் இருக்கிறது. பதினேழாம் கட்டத்தில் ஒரு மெட்டு வரும். அறுபத்தோராம் கட்டத்தில் அதே மெட்டு திரும்பி வரும். எங்கள் அச்சில் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. ராய்டிங்கரின் தாளில் அப்படி இல்லை. இரண்டாம் தடவை வயோலாவின் ஒரு சுரம் அரைப்படி மேலே போய் மற்ற மூன்றோடும் உரசுகிறது. பக்கத்தில் அவருடைய கையாலேயே சின்னதாக எழுதியிருக்கிறது: "இப்படியே." பார்த்து எழுதுகிறவன் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவான் என்று பயந்து எழுதியிருக்கிறார். படமும் அனுப்பியிருக்கிறாள். மரியாதையான பிள்ளை. பேராசிரியர் எந்த ஆதாரத்தை வைத்து மாற்றினார் என்று தாழ்மையுடன் அறிய விரும்புகிறாளாம்.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது வேறு ஒருவர் பார்த்து எழுதிய பிரதியைப் படம் பிடித்த பிலிம் மட்டும். அது அந்த இடத்தில் மங்கல்.

29 ஒக்டோபர், ஞாயிறு
152/90.

இன்று மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம். குசினி மணிக்கூடு இந்தத் தடவையும் நித்தியின் கையிலிருந்து விழுந்தது. உடையவில்லை.

30 ஒக்டோபர், திங்கள்
காலை 160/96. மாலை பார்க்கவில்லை.

ஒன்பதாம் தொகுதி. ஆறு பிழைகள். பட்டியலைப் பார்வை இருந்த காலத்தில் அவரே தயாரித்தார். ஒவ்வொரு தொகுதிக்கும் அவரிடம் ஒரு சொந்தப் பிரதி உண்டு, பென்சில் குறிப்புகளோடு. அந்த அலுமாரிப் பக்கம் எவரும் போக முடியாது. அதிலிருந்து எடுத்து எழுதிய ஆறில் அறுபத்தோராம் கட்டம் இல்லை.

ஆறையும் வாசித்தேன். ஆறுக்கும் "சரி" சொன்னார்.

"ஒன்பதில் அவ்வளவுதானா, திருமதி நித்தியானந்தன்?"

அவ்வளவுதான் என்றேன்.

"சேர்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லையா?"

இல்லை என்றேன். தலையை ஆட்டினார். பத்தை இன்றைக்குத் தொட வேண்டாம், களைப்பாக இருக்கிறது என்றார். கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டு, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். கடிதம் பையில்தான் இருந்தது.

5 நவம்பர், ஞாயிறு
155/93.

பிலிம் மங்கல் இல்லை.

சுரத்தை அரைப்படி ஏற்றும் அந்தக் குறி துலக்கமாக இருந்தது. குருடருக்கும் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றுமூன்று ஓகஸ்டில் பேராசிரியரின் மனைவி கீஸெலா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் இருந்தார். பேராசிரியர் கட்டிலருகிலேயே கிடந்தார். ஒன்பதாம் தொகுதியின் அச்சுத்தாள்களை நான் தனியே பார்த்தேன். எதிர்க் கதிரையில் எவரும் இல்லை. அறுபத்தோராம் கட்டத்துக்கு வந்தபோது அந்தச் சுரத்தை எடுத்துவிட்டுப் பதினேழாம் கட்டத்தில் இருந்ததைப் போட்டேன். அடைப்புக்குறி போடவில்லை. ராய்டிங்கர் எழுதியதுபோல விட்டுவிட்டேன். எங்களைப் போல இரண்டு கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வயது போன ஆட்கள்தான் இப்படிப் பிழை விடுவார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று கை தானாகப் போகும். எவரும் நம்பக்கூடிய பிழை.

தொண்ணூற்றாறில் ஒரு சஞ்சிகையில் ஒருவர் அந்த இடத்தை வைத்துப் பேராசிரியரைக் கிழித்தார். பேராசிரியர் ஒரு வரியில் பதில் எழுதினார்: "இந்த முடிவு என்னுடையது." அந்தக் கடிதத்தைத் தட்டெழுதியது நான். அவர் சொல்லச் சொல்ல ஒரு எழுத்துப் பிழையில்லாமல் தட்டினேன். தான் செய்ததாகவே நினைக்கிறார், மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அந்தத் தொகுதிக்குத்தான் அவருக்குப் பெரிய பரிசு கிடைத்தது. உலகம் முழுக்க அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள்.

மத்தியானம் நித்தியிடம் முழுவதையும் சொன்னேன். முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே கேட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார்.

"அந்த மனிசன் செத்துப்போவார் எண்டு பயப்பிடுறீரோ, இல்லாட்டி உம்மைப் பற்றி என்ன நினைப்பார் எண்டு பயப்பிடுறீரோ?"

நான் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"ரெண்டாவதெண்டால், அவர் சாகமுந்திச் சொல்லும்."

ஏன் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். அந்த ஓகஸ்டில் அவர் என்னோடுதானே இருந்தார்.

8 நவம்பர், புதன்
157/94.

பதின்மூன்றாம் தொகுதி. கணினி வந்த பிறகு பிழைகள் குறைவு, வேகமாகப் போகிறோம். சொல்லவில்லை. அவருக்குச் சளி.

10 நவம்பர், வெள்ளி
157/95.

சொல்லவில்லை. அவருடைய மகள் இங்க்ரிட் ஹம்பேர்க்கிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு முன்னால் எப்படி?

13 நவம்பர், திங்கள்
159/95.

சொல்லவில்லை. காரணம் எதுவும் இல்லை.

17 நவம்பர், வெள்ளி
மாலை 161/97.

நானூற்றுப் பன்னிரண்டாவது பிழையை இன்று பின்னேரம் நான்கு மணிக்கு வாசித்தேன். ஒரு வளைகோடு, அரை அங்குலம் நீளம் கூடியது. "சரி" என்றார். முடிந்தது என்றேன். கை தட்டுவார், வைன் எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். இங்க்ரிட் அதற்காகவே ஒரு போத்தல் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கண் தெரியாதவர் பார்ப்பதுபோல இல்லை.

"முடிந்தது என்று நீங்கள் சொன்னால் முடிந்தது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவருடைய கை கம்பளியின் மேல் இருந்தது, வெளிறிப் போய், நீல நரம்புகளோடு. நீண்ட நாளைக்குப் பிறகு அவர் களைப்பில்லாமல் இருந்தார். ஒரே ஒரு நாள் சந்தோஷமாக இருக்கட்டும், திங்கட்கிழமை சொல்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரைக் கிளாஸ் வைன் குடித்தார். எனக்கும் ஊற்றச் சொன்னார், நான் குடிப்பதில்லை என்று முப்பத்தேழு வருடமாகத் தெரிந்தும். ஊற்றி, ஒரு வாய் குடித்தேன். புளிப்பு.

போகும்போது, பார்த்துப் போங்கள், இலைகள் வழுக்கும் என்றார்.

19 நவம்பர், ஞாயிறு

நேற்று அப்பாவிடம் திரும்பி வந்திருந்த இங்க்ரிட் காலையில் தொலைபேசி எடுத்தாள். காலைச் சாப்பாட்டுக்கு எழுப்பப் போனபோது அவர் மூச்சில்லாமல் இருந்திருக்கிறார்.

பிரஷர் பார்க்கவில்லை.

20 நவம்பர், திங்கள்

திங்கட்கிழமை. வழக்கமான பேருந்தில் போனேன். கடிதத்தையும் கொண்டுபோனேன், என்ன பைத்தியமோ.

22 நவம்பர், புதன்
148/90.

உடுப்புகளைப் பிரிக்க இங்க்ரிட் கூப்பிட்டாள். கம்பளிச் சட்டைகளைச் செஞ்சிலுவைப் பெட்டிக்கு மடித்து வைத்தேன். முழங்கை தேய்ந்த பச்சைச் சட்டையை அவள் எறியப் பார்த்தாள், நான் விடவில்லை.

பிறகு அவள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அலுமாரிக்குள் இருந்த ஒன்பதாம் தொகுதி, அவருடைய சொந்தப் பிரதி. சனிக்கிழமை மத்தியானம் அதை எடுக்கச் சொல்லி, எனக்குக் கொடுக்கச் சொன்னாராம். அவள் ஏன் என்று கேட்டிருக்கிறாள்.

"பட்டியல் இன்னும் முடியவில்லை, அது திருமதி நித்தியானந்தனுக்குத் தெரியும் என்றார்" என்றாள். பட்டியல்தான் முடிந்துவிட்டதே, அப்பா தடுமாறிவிட்டார் போலிருக்கிறது என்று வருத்தப்பட்டாள்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அதே பக்கத்தின் பழைய அச்சுத்தாள் செருகியிருந்தது. அறுபத்தோராம் கட்டம். வயோலாவின் அந்தச் சுரத்தைச் சுற்றிப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டிருந்தார். ஓரத்தில் திகதி: 4.9.93. கீஸெலாவை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. புத்தகம் அச்சுக்குப் போவதற்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன. விரும்பியிருந்தால் மாற்றியிருக்கலாம். கீழே அவருடைய சின்னஞ்சிறு எழுத்தில் இருந்ததை மூன்று தடவை வாசித்தேன்:

"இது ராய்டிங்கர் எழுதியதல்ல. தவமலர். தம்பி இறந்த வாரம். அப்படியே இருக்கட்டும்."

தவமலர் என்று என் பெயரை எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.

இங்க்ரிட்டுக்கு முன்னால் அழுதேன். அவள் தன் அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதுவும்தான்.

23 நவம்பர், வியாழன்

என் தம்பி குகனேசன். இருபத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு வா, வெளிக்கிட்டு வா என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியது நான். அவனுக்கு வர விருப்பமில்லை. என் தொல்லை தாங்காமல் வெளிக்கிட்டான். கிளாலிக் கடலால் வந்த படகு கரை சேரவில்லை. ஓகஸ்ட் பதினோராம் திகதி கொழும்பிலிருந்து போன் வந்தது. பதின்மூன்றாம் திகதி நான் வேலைக்குப் போய், தனியே உட்கார்ந்து அச்சுத்தாள் பார்த்தேன். முதல் தடவை மெட்டு நன்றாக வந்தது. இரண்டாம் தடவை அந்தச் சுரம் வந்தது. உள்ளே எங்கோ கத்தியதுபோல இருந்தது. எனக்குத் தாங்க முடியவில்லை. முதல் தடவை வந்ததுபோலவே வரட்டும் என்று மாற்றினேன். அவ்வளவுதான்.

பேராசிரியரிடம் இரண்டு வரிதான் சொல்லியிருந்தேன், ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடி: தம்பி போய்விட்டான், நாளைக்கு லீவு வேண்டும். அவர் தன் மனைவிக்கு வாங்கிய அப்பிள்களில் ஒன்றை என் கையில் வைத்தார். வேறு ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு எப்போதுமே பேசவில்லை. ஒரு சுரத்துக்காக ஒரு மாதம் சண்டை பிடிக்கிற மனிதர் எனக்காக முப்பது வருடம் ஒரு பொய்யான சுரத்தைத் தன் பெயரில் வைத்திருந்தார். போன மாதம் வழி திறந்து விட்டார். ஒன்பதில் அவ்வளவுதானா என்று கேட்டார். இல்லை என்று சொன்ன இந்த வாயை என்ன செய்வது?

28 நவம்பர், செவ்வாய்

அடக்கம். நல்ல குளிர். இசைக் கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் தேவாலயத்தில் வாசித்தார்கள். இங்க்ரிட் ஒன்பதாம் தொகுதியின் அந்தப் பகுதியைத்தான் கேட்டிருந்தாள். அது அப்பாவுக்கு விருப்பமானதாம்.

தொடங்குவதற்கு முன் வயோலாக்காரப் பெடியனிடம் போனேன். பென்சிலால் அவனுடைய தாளில் அறுபத்தோராம் கட்டத்தில் ஒரு குறி போட்டேன். இது அச்சில் இல்லையே, யார் மாற்றச் சொன்னது என்று கேட்டான். எழுதியவர் சொன்னார், இப்படியே வாசி என்றேன்.

அந்த இடம் வந்தது. வயோலா மற்ற மூன்றோடும் ஒத்துப்போகவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சுரம் முழு நீளத்துக்கும் நின்றது. அதற்குப் பிறகுதான் மெட்டு மெல்ல இறங்கியது. இத்தனை வருடமும் அந்த இறக்கம் எதற்கென்றே எனக்கு விளங்கவில்லை. மேலே போன இடத்தை நான்தானே எடுத்துவிட்டேன். குகனை நினைத்தேன். பெட்டிக்குள் இருந்தவரையும் நினைத்தேன். நித்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

30 நவம்பர், வியாழன்

ப்ர்னோவுக்குப் பதில் எழுதினேன். பேராசிரியரிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை, மாற்றியது அவரல்ல என்று.

பட்டியலைப் பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் கடைசியாக ஒன்று சேர்த்தேன். அதை உரக்க வாசிக்க வேண்டும், எதிரே ஆள் வேண்டும். நித்திக்கு இசைத்தாள் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் குசினி மேசையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

"நானூற்றுப் பதின்மூன்று. தொகுதி ஒன்பது, பக்கம் நூற்றுப் பதினெட்டு, கட்டம் அறுபத்தொன்று, வயோலா. அச்சில்: பதினேழாம் கட்டத்தில் உள்ளபடி. சரி: அரைப்படி மேலே, இசையமைப்பாளரின் கையெழுத்தில் உள்ளபடி. பிழை: தவமலர் நித்தியானந்தன்."

காரணம் எழுதவில்லை. அது அவருடைய சட்டம்.

நித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"சரி" என்றார்.